கிரேடில் பில்டில் லாக் அளவைக் கட்டுப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிரலைத் தொகுத்து, சோதித்து, தயார்செய்யும் கருவி கிரேடில். அதன் ஓர் ஓட்டம் பில்ட், ஓடும்போது அது எழுதும் செய்திகள் லாக். பில்ட் பாதியில் நின்றுவிட்டால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, எல்லாச் செய்திகளையும் காட்டும் --டீபக் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுவதுதான். திரையில் வரிகள் கொட்டித் தீர்க்கும். தேடிய வரி எங்கோ நடுவில் புதைந்துபோகும். இன்னொரு சாரார் லாக் அதிகம் என்று --குவயட் போடுகிறார்கள். அப்போதும் பழைய வரிகள் அப்படியே வருவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். திரையில் ஒரு வரி தெரியுமா தெரியாதா என்பதை இருவர் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். பில்ட் ஸ்கிரிப்டை, அதாவது பில்டில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பை, எழுதியவர் அந்தச் செய்திக்கு ஒரு நிலை கொடுத்திருப்பார். பில்டை ஓட்டுபவர் எந்த நிலை வரை பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். எழுதிய பக்கம் கோணலாக இருந்தால், ஓட்டும் பக்கம் எந்த ஆப்ஷனைப் போட்டாலும் பலனில்லை. அதனால் இந்த வழிகாட்டி ஸ்கிரிப்டைச் சரிசெய்வதில் தொடங்கி, அதன் பிறகே கமாண்டுக்கு வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கமாண்டுகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

ப்ராஜெக்டில் உள்ள ரேப்பர் ஸ்கிரிப்டையே (ப்ராஜெக்டுக்குக் குறித்த கிரேடில் பதிப்பை ஓட்டும் சிறு கோப்பு) பயன்படுத்துங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அது ./கிரேடில்டபிள்யூ, விண்டோஸில் கிரேடில்டபிள்யூ.பேட். கணினியில் தனியாக நிறுவிய கிரேடில் வேறு பதிப்பாக இருக்கலாம். பதிப்பு மாறினால் எச்சரிக்கைகளும் மாறும், நீங்கள் பார்க்கும் லாக்கைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்க மாட்டார்.

அடுத்து, கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற கோப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ப்ராஜெக்டின் வேர் ஃபோல்டரில் ஒன்று இருக்கலாம். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் .கிரேடில் என்ற ஃபோல்டரில் இன்னொன்று இருக்கலாம். இரண்டையும் திறந்து, லாகிங், கன்சோல், வார்னிங் என்ற சொற்கள் வரும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதோ யாரோ எழுதி மறந்த ஒரு வரி இங்கே இருந்துகொண்டு, கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் குழப்பும்.

கடைசியாக, எதையும் மாற்றும் முன் ஒரு முழு ஓட்டத்தைக் கோப்பில் பிடித்து வையுங்கள்:

./கிரேடில்டபிள்யூ பில்ட் --ரீரன்-டாஸ்க்ஸ் > முன்.லாக் 2>&1

--ரீரன்-டாஸ்க்ஸ் இல்லாவிட்டால் ஏற்கெனவே முடிந்த டாஸ்க்குகளை, அதாவது பில்டின் தனித்தனி வேலைகளை, கிரேடில் ஓட்டாது; லாக் சுருக்கமாக இருப்பதாக ஏமாந்துபோவீர்கள். கடைசியில் உள்ள 2>&1 ஏன் என்றால், வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது எரர் நிலைச் செய்திகளைக் கிரேடில் ஸ்டாண்டர்ட் எரருக்கு (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) அனுப்புகிறது. அதை விட்டுவிட்டால் உங்களுக்கு அதிகம் தேவையான வரிகளே கோப்பில் இருக்காது.

## 2. ஆறு நிலைகளின் வரிசையை மனதில் வாங்குங்கள்

முக்கியத்துவம் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசை இது: எரர், குவயட், வார்ன், லைஃப்சைக்கிள், இன்ஃபோ, டீபக். நீங்கள் ஒரு நிலையைக் கேட்டால் அதுவும் அதற்கு முன்னால் உள்ள எல்லாமும் தெரியும். எதுவும் கேட்காவிட்டால் லைஃப்சைக்கிள் வரை.

இரண்டாம் இடத்தில் குவயட் இருப்பதைக் கவனியுங்கள். மற்ற லாக் நூலகங்களில் பழகியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். குவயட் என்றால் மௌனம் என்று நினைக்கிறார்கள். கிரேடிலில் அது ஒரு செய்தி நிலை: பில்டை எவ்வளவு அடக்கி ஓட்டினாலும் தெரிந்தே ஆக வேண்டிய செய்திக்கு உரியது. அது வார்னை விட மேலே இருப்பதால், --குவயட் போட்டால் எச்சரிக்கைகள் மறையும், ஆனால் குவயட் நிலைச் செய்திகள் வரும். அடுத்த பகுதி முழுவதும் இந்த ஒரு விவரத்தின் மேல்தான் நிற்கிறது.

## 3. முதலில் ஸ்கிரிப்டில் உள்ள பிரின்ட் வரிகளைத் திருத்துங்கள்

பில்ட் ஸ்கிரிப்டில் பிரின்ட்எல்என் என்று எழுதினால் அது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகிறது. கிரேடில் அதை இடைமறித்துத் தன் லாக் அமைப்புக்குள் குவயட் நிலையில் சேர்க்கிறது. ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதியவை எரர் நிலையில் சேர்கின்றன. ஆகவே எப்போதோ சோதனைக்காகப் போட்ட ஒரு பிரின்ட் வரியை --குவயட்டாலும் அடக்க முடியாது. முக்கியமான எச்சரிக்கைகளை விட அதற்கு மேலான இடம் கிடைத்துவிடுகிறது.

பில்ட் ஸ்கிரிப்டுகள், பில்ட்எஸ்ஆர்சி ஃபோல்டர் (இதில் எஸ் பெரிய எழுத்து), உங்கள் குழுவே எழுதிய பிளகின்கள் (கிரேடிலுக்குக் கூடுதல் வசதி சேர்ப்பவை) மூன்றிலும் பிரின்ட்எல்என் என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார், எப்போது பார்க்க வேண்டும்?

பில்டை ஓட்டும் எல்லோருக்கும் எப்போதும் பயன்படும் என்றால் லாகர்.லைஃப்சைக்கிள். பிரச்சினை வந்தபோது மட்டும் என்றால் லாகர்.இன்ஃபோ. பிளகினை எழுதியவருக்கு மட்டும் என்றால் லாகர்.டீபக். பில்ட் தொடரும், ஆனால் யாராவது கவனிக்க வேண்டும் என்றால் லாகர்.வார்ன். பெரும்பாலான பழைய பிரின்ட் வரிகள் இன்ஃபோவுக்குத்தான் போக வேண்டும். எதற்கென்று தெரியாத வரியைத் தயங்காமல் நீக்குங்கள்.

ஒரே ஒரு வகையை குவயட்டிலேயே விடலாம்: வெளியீடே வேலையாக உள்ள டாஸ்க். பதிப்பு எண்ணை அச்சிடும் டாஸ்க் ஒன்றை வேறு ஷெல் ஸ்கிரிப்ட் படிக்கிறது என்று வையுங்கள். அங்கே --குவயட் போட்டு ஓட்டினால் அந்த எண் மட்டும் வர வேண்டும். அதற்கு லாகர்.குவயட் என்றே வெளிப்படையாக எழுதுங்கள். அடுத்து வருபவர் அதை மறந்துபோன வரி என்று நினைத்து அழிக்க மாட்டார்.

மதிப்புகளைச் செய்தியில் சேர்க்கும்போது சரத்தை ஒட்டி ஒட்டிக் கட்டாமல் {} குறியைப் பயன்படுத்துங்கள்:

லாகர்.இன்ஃபோ("படித்த கோப்பு: {}", கோப்பு)

இன்ஃபோ நிலை அணைந்திருந்தால் அந்தச் சரம் கட்டப்படவே மாட்டாது. மதிப்பைக் கணக்கிடுவதே கனமான வேலை என்றால் இது போதாது, ஏனெனில் அந்த மதிப்பு எப்படியும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டுவிடும். அங்கே லாகர்.இஸ்இன்ஃபோஎனேபிள்ட் என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இந்தப் பெயரில் இன்ஃபோ, எனேபிள்ட் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

திருத்த முடியாத நூலகம் ஒன்று டாஸ்க்குக்குள் ஓடி, தானே அச்சிடுகிறதா? அந்த டாஸ்க்கின் அமைப்பில் லாகிங்.கேப்சர்ஸ்டாண்டர்ட்அவுட்புட் என்பதற்கு லாக்லெவல்.இன்ஃபோ என்று கொடுங்கள். முன்னதில் ஸ்டாண்டர்ட், அவுட்புட் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். பின்னதில் லாக், லெவல் இரண்டும் அப்படியே, இன்ஃபோ முழுவதும் பெரிய எழுத்து. அந்த டாஸ்க் ஓடும்போது வரும் பிரின்ட் எல்லாம் இன்ஃபோவாக மாறும். ப்ராஜெக்ட் முழுவதற்கும் இதைப் போடாதீர்கள். எந்தச் செய்தி எங்கே காணாமல் போனது என்று பிறகு தேட வேண்டிவரும். எக்ஸெக் டாஸ்க் வழியாக வெளி நிரலை அழைத்தால், அந்த நிரலின் சொந்த அமைதி ஆப்ஷனையே பயன்படுத்துவது நேர்வழி.

## 4. இப்போது கமாண்டில் நிலையைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்கிரிப்ட் சீரானதால் இப்போதுதான் ஆப்ஷன்களுக்குப் பொருள் வருகிறது. --குவயட், --வார்ன், --இன்ஃபோ, --டீபக் ஆகிய நான்குக்கும் ஒற்றைக் கோட்டுடன் முதல் எழுத்தை மட்டும் அடித்தாலும் போதும். லைஃப்சைக்கிளுக்குத் தனி ஆப்ஷன் இல்லை. எதுவும் போடாமல் ஓட்டுவதே அது.

அன்றாட வேலைக்கு எதுவும் போடாதீர்கள். மற்றொரு ஸ்கிரிப்ட் வெளியீட்டைப் படிக்கும்போது --குவயட். டாஸ்க் தொடக்கச் செய்திகள் வேண்டாம், ஆனால் எச்சரிக்கைகள் வேண்டும் என்றால் --வார்ன்.

பிரச்சினையைத் தேடும்போது --இன்ஃபோ. இது புதியவர்கள் பயன்படுத்தத் தவறும் ஆப்ஷன். மாற்றம் எதுவும் செய்யாதபோதும் ஒரு டாஸ்க் ஏன் மறுபடி ஓடுகிறது என்ற கேள்விக்கு இந்த நிலையிலேயே நேரடிப் பதில் கிடைக்கிறது: டாஸ்க் ஏன் அப்-டு-டேட் (மறுபடி ஓட்டத் தேவையில்லாத நிலை) ஆக இல்லை, எந்த உள்ளீடு மாறியது, எந்தக் கோப்பு மாறியது என்று கிரேடில் எழுதிவிடும். இதற்காக டீபக் வரை போக வேண்டியதே இல்லை.

லாக் நிலை முழு பில்டுக்கும் பொருந்தும். ஒரு டாஸ்க்குக்கு மட்டும் இன்ஃபோ என்று கமாண்டில் சொல்ல வழியில்லை. எனவே நிலையை உயர்த்தும்போது வேலையைக் குறையுங்கள். பில்ட் முழுவதையும் ஓட்டாமல், தோற்ற டாஸ்க்கை மட்டும் அழையுங்கள்:

./கிரேடில்டபிள்யூ :ஆப்:கம்பைல்ஜாவா --இன்ஃபோ

இங்கே கம்பைல்ஜாவாவில் ஜாவாவின் முதல் எழுத்து பெரியது. அந்த டாஸ்க் சார்ந்திருக்கும் டாஸ்க்குகளும் சேர்ந்துதான் ஓடும். இருந்தாலும் படிக்க வேண்டிய வரிகள் வெகுவாகக் குறையும்.

## 5. லாக் நிலையோடு குழப்பிக்கொள்ளும் மூன்று ஆப்ஷன்கள்

ஸ்டாக் ட்ரேஸ், எச்சரிக்கை முறை, கன்சோல் வகை மூன்றும் தனித்தனி அமைப்புகள். இவற்றை லாக் நிலையால் சரிசெய்யப் பார்ப்பதில்தான் அதிக நேரம் வீணாகிறது.

ஸ்டாக் ட்ரேஸ். பிழை எந்த அழைப்புகள் வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல் இது. கம்பைல் பிழை போன்ற சாதாரணத் தோல்விகளுக்குக் கிரேடில் ஸ்டாக் ட்ரேஸ் காட்டாது. அது வேண்டும் என்றால் --ஸ்டாக்ட்ரேஸ் போதும். லாக் நிலை லைஃப்சைக்கிளிலேயே இருக்கட்டும். சுருக்க வடிவம் ஒற்றைக் கோடும் சிறிய எஸ்ஸும். பெரிய எஸ் போட்டால் --ஃபுல்-ஸ்டாக்ட்ரேஸ். ஸ்கிரிப்ட் மொழியான க்ரூவியின் உள் அழைப்புகள் எல்லாம் சேர்ந்து மிக நீளமாக வரும். சிறியதில் விடை கிடைக்காதபோது மட்டும் அங்கே போங்கள். டீபக் நிலையில் சுருக்கமான ட்ரேஸ் தானாக வருகிறது. ட்ரேஸுக்காக டீபக் போடும் பழக்கம் அதனால்தான் தொற்றிக்கொள்கிறது.

எச்சரிக்கை முறை. --வார்ன், --வார்னிங்-மோட் இரண்டும் வேறு வேறு. முன்னது லாக் நிலை. பின்னது, வரும் பதிப்புகளில் நீக்கப்படவுள்ள கிரேடில் வசதிகளைப் பற்றிய எச்சரிக்கைகளை எப்படிக் காட்டுவது என்பது. வழக்கமான மதிப்பு சம்மரி: ஓட்டத்தின் முடிவில், இந்த பில்டில் அப்படிப்பட்ட வசதிகள் பயன்படுத்தப்பட்டுள்ளன என்று ஒரு தொகுப்பு வரி மட்டும் வரும். எந்த வரியில் என்று தெரிய --வார்னிங்-மோட்=ஆல். ஃபெயில் என்று கொடுத்தால் எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் பில்ட் தோற்கும். நன் என்றால் தொகுப்பு வரியும் போய்விடும். நன் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கிரேடிலின் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும் நாளில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். இந்த எச்சரிக்கைகள் வார்ன் நிலையில் எழுதப்படுகின்றன. ஆகவே ஆல் என்று கொடுத்துவிட்டு கூடவே --குவயட்டும் போட்டால் ஒன்றும் தெரியாது.

கன்சோல் வகை. டெர்மினலில் ஓட்டும்போது வண்ணமும் முன்னேற்றப் பட்டையும் வரும். செய்ய வேலை இல்லாத, அப்-டு-டேட் ஆன டாஸ்க்குகள் காட்டப்படாது. அவற்றின் பெயரும் முடிவும் தெரிய வேண்டும் என்றால் --கன்சோல்=வெர்போஸ். பெயரைப் பார்த்து லாக் நிலை என்று நினைக்க வேண்டாம். வண்ணக் குறிகள் இல்லாத வெறும் எழுத்து வேண்டும் என்றால் --கன்சோல்=ப்ளெயின். டெர்மினல் இல்லாத இடத்தில் கிரேடில் தானாகவே ப்ளெயினுக்கு மாறிக்கொள்ளும்.

## 6. டெஸ்ட் வெளியீட்டுக்குத் தனி விதி

மூன்றாம் பகுதியில் சொன்ன குவயட் விதி டெஸ்டுக்குள் எழுதும் பிரின்டுக்குப் பொருந்தாது. டெஸ்டுகள் தனி ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் சூழல்) ஓடுகின்றன. அவற்றின் வெளியீட்டை டெஸ்ட் டாஸ்க் பிடித்து அறிக்கையில் வைக்கிறது. வழக்கமான லைஃப்சைக்கிள் நிலையில் தோற்ற டெஸ்டுகள் மட்டும் சுருக்கமாகத் திரைக்கு வரும். டெஸ்டில் பிரின்ட் போட்டேன், வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த வெளியீட்டை ஒரு முறை மட்டும் பார்க்க, --இன்ஃபோவுடன் ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டுங்கள். டெஸ்டின் பெயரை --டெஸ்ட்ஸ் ஆப்ஷனில் கொடுக்கலாம். அல்லது பில்ட்/ரிப்போர்ட்ஸ்/டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஹெச்டிஎம்எல் அறிக்கையைத் திறங்கள். அதில் ஒவ்வொரு வகுப்பின் வெளியீடும் தனித்தனியாக இருக்கும்.

நிரந்தரமாக மாற்ற வேண்டியது என்று நான் கருதுவது ஒன்றே: டெஸ்ட் டாஸ்க்கில் டெஸ்ட்லாகிங் பகுதிக்குள் எக்ஸெப்ஷன்ஃபார்மட் என்பதை ஃபுல் ஆக்குங்கள். இந்தப் பெயர்களில் லாகிங், ஃபார்மட் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். சுருக்க வடிவத்தில் பிழையின் வகையும் வரி எண்ணும்தான் தெரியும். எதிர்பார்த்த மதிப்பு என்ன, வந்தது என்ன என்று தெரியாது. தோற்ற டெஸ்டுக்கு மட்டுமே இது நீள்வதால் லாக் வீங்காது.

ஷோஸ்டாண்டர்ட்ஸ்ட்ரீம்ஸ் (ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரீம்ஸ் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்) என்பதை ட்ரூ ஆக்கி அப்படியே கமிட் செய்துவிடாதீர்கள். வெற்றி பெற்ற டெஸ்டுகளின் வெளியீடும் சேர்ந்து கொட்டும். தேவை என்றால் டெஸ்ட்லாகிங்குக்குள் இன்ஃபோ என்ற உட்பகுதியைத் திறந்து அங்கே நிகழ்வுகளைச் சேருங்கள். --இன்ஃபோ போட்டவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

உங்கள் செயலி தன் லாக்குக்கு லாக்பேக்கோ லாக்4ஜேவோ போன்ற நூலகத்தைப் பயன்படுத்தினால் அதன் நிலையைக் கிரேடில் தொடுவதில்லை. ரன் டாஸ்க் வழியாகச் செயலியை ஓட்டும்போது வரும் வரிகளைக் குறைக்க, அந்த நூலகத்தின் அமைப்புக் கோப்புக்குப் போங்கள்.

## 7. நிலையான தேர்வைக் கோப்பில் எழுதுங்கள்

ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டாம் என்றால் கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸில் எழுதலாம்:

ஆர்க்.கிரேடில்.லாகிங்.லெவல்=வார்ன்
ஆர்க்.கிரேடில்.லாகிங்.ஸ்டாக்ட்ரேஸ்=ஆல்
ஆர்க்.கிரேடில்.வார்னிங்.மோட்=ஆல்
ஆர்க்.கிரேடில்.கன்சோல்=ப்ளெயின்

கமாண்டில் கொடுத்தது எல்லாவற்றையும் வெல்லும். அடுத்து ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்பு. அதன் பிறகே ப்ராஜெக்டில் உள்ளது. ப்ராஜெக்ட் கோப்பைத் திருத்தியும் ஒன்றும் மாறவில்லை என்றால், ஹோம் ஃபோல்டர் கோப்பில் அதே பெயரில் ஒரு வரி இருக்கும். முதல் பகுதியில் அதைத் திறந்து பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எழுத்துப் பிழையில் ஒரு வித்தியாசம் உண்டு. மதிப்பைத் தவறாக எழுதினால் கிரேடில் உடனே பிழை சொல்லி, எந்த மதிப்புகள் செல்லும் என்றும் காட்டும். பெயரைத் தவறாக எழுதினால் எதுவும் சொல்லாது. அதை உங்கள் சொந்த ப்ராப்பர்ட்டி என்று எடுத்துக்கொள்ளும். வரி வேலை செய்யவில்லை என்றால் சமக்குறிக்கு இடப்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

எதை எங்கே எழுதுவது? எச்சரிக்கை முறையை ப்ராஜெக்ட் கோப்பில் வையுங்கள், குழு முழுவதும் ஒன்றையே பார்க்கட்டும். லாக் நிலையும் கன்சோல் வகையும் அவரவர் விருப்பம். ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். இன்ஃபோவையோ டீபக்கையோ ப்ராஜெக்ட் கோப்பில் கமிட் செய்யவே கூடாது.

## 8. எழுதிய செய்தி வரவே இல்லை என்றால்

லாகர்.இன்ஃபோ எழுதி, --இன்ஃபோவும் போட்டாயிற்று; இருந்தும் வரி இல்லை. இந்த வரிசையில் சோதியுங்கள்.

டாஸ்க் உண்மையில் ஓடியதா? அப்-டு-டேட் அல்லது ஃப்ரம்-கேஷ் (பழைய முடிவைச் சேமிப்பிலிருந்து எடுத்தது) என்று முடிந்திருந்தால் அதற்குள் இருந்த டூலாஸ்ட் பகுதி, அதாவது டாஸ்க் ஓடும்போது நடக்கும் பகுதி, ஓடவில்லை, செய்தியும் வராது. --கன்சோல்=வெர்போஸ் போட்டு முடிவைப் பார்த்துவிட்டு, --ரீரன்-டாஸ்க்ஸ் கொண்டு ஓட்டுங்கள். பெரிய ப்ராஜெக்டில் இது எல்லா டாஸ்க்கையும் கிளப்பிவிடும் என்பதால் தேவைப்பட்ட டாஸ்க்கை மட்டும் அழைப்பது நல்லது. கிரேடில் 7.6 முதல், டாஸ்க் பெயருக்குப் பின்னால் --ரீரன் என்று கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மறுபடி ஓட்டலாம்.

செய்தி அமைப்புக் கட்டத்தில் இருக்கிறதா? டூலாஸ்டுக்கு வெளியே எழுதிய வரி, டாஸ்க் ஓடும்போது இல்லாமல், ஸ்கிரிப்டைக் கிரேடில் படிக்கும்போதே வரும். கான்ஃபிகரேஷன் கேஷ் (அமைப்புக் கட்டத்தின் முடிவைச் சேமித்து வைக்கும் வசதி) இயங்கி, பழைய பதிவு மறுபயன்பாட்டுக்கு வந்தால் அந்தக் கட்டமே நடக்காது, செய்தியும் இருக்காது. --நோ-கான்ஃபிகரேஷன்-கேஷ் போட்டு உறுதிசெய்யுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் ஏழாம் பகுதிக்குத் திரும்பிக் கோப்புகளைப் பாருங்கள்.

## 9. சிஐ சர்வரிலும் டீபக் தேவைப்படும் நேரத்திலும்

சிஐ என்பது குழுவின் குறியீட்டைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வர். அதில் வழக்கமான ஓட்டம் லைஃப்சைக்கிளில் இருக்கட்டும், கூடவே --ஸ்டாக்ட்ரேஸ். தோற்றபோது மட்டுமே அது நீளும். மறுபடி ஓட்டாமலேயே காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சில சிஐ அமைப்புகள் போலி டெர்மினல் ஒன்றை ஒதுக்குகின்றன. அப்போது லாக்கில் விசித்திரக் குறிகள் கலந்து வரும்; --கன்சோல்=ப்ளெயின் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

வெளியீட்டைத் திரைக்கும் கோப்புக்கும் ஒன்றாக அனுப்பும் டீ கமாண்டுக்குக் கொடுத்துச் சேமிப்பவர்கள் பேஷில் முதலில் செட் -ஓ பைப்ஃபெயில் போட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் நிற்கும் டீயின் முடிவே கணக்கில் வரும்; பில்ட் தோற்றும் சிஐ பச்சை காட்டும்.

--இன்ஃபோவிலும் பதில் கிடைக்காத சிக்கல்கள் உண்டு: பிளகினின் உள் நடத்தை, நூலகங்கள் சேமித்திருக்கும் ரெபாசிட்டரியோடு நடக்கும் எச்டிடிபி உரையாடல் போன்றவை. அங்கே --டீபக் நியாயமானது. திரையில் பார்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கணினியில், ஒரே டாஸ்க்குக்கு, கோப்பில் பிடியுங்கள்:

./கிரேடில்டபிள்யூ :ஆப்:பப்ளிஷ் --டீபக் > டீபக்.லாக் 2>&1

பிறகு அந்தக் கோப்பில் டாஸ்க்கின் பெயரையோ பிழை வரியையோ தேடி, அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள்.

சிஐயில் --டீபக் போடுவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். இந்த நிலையில் ரகசியத் தகவல்கள் லாக்கில் வெளிப்படலாம் என்று கிரேடிலின் ஆவணமே எச்சரிக்கிறது. சூழல் மாறிகளிலும் ரெபாசிட்டரி நுழைவு விவரங்களிலும் கடவுச்சொற்கள் இருக்கும் இடம் சிஐதான், அதன் லாக்கைப் படிக்க அனுமதி உள்ளவர்களும் அதிகம். உதவி கேட்டு டீபக் லாக்கை வேறொருவருக்கு அனுப்பும் முன் டோக்கன், பாஸ்வேர்ட், ஆதரைசேஷன் என்ற சொற்களைத் தேடி, அந்த மதிப்புகளை நீக்குங்கள்.

ஏற்கெனவே அப்படி ஒரு லாக் வெளியே போயிருந்தால் அதை அழிப்பது மட்டும் போதாது. அதில் இருந்த டோக்கனை முதலில் செல்லாததாக்குங்கள். புதியது எடுத்து சிஐயின் ரகசியப் பெட்டகத்தில் மாற்றுங்கள். பிறகு லாக்கை நீக்குங்கள்.